மைக்ரான் அளந்த மாத்திரை

கை நடுக்கத்துக்கான புதிய சேர்மம் ஒன்றைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை சென்ற ஆண்டு ஒரு மருத்துவ ஆய்விதழில் வெளிவந்தது. சேர்மத்தை உருவாக்கிய வேதியியலாளர்களும், அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த மருத்துவர்களும் சேர்ந்து எழுதியது. மருந்தை எடுத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு நடுக்கம் கண்ணால் பார்த்தாலே தெரியும் அளவுக்குக் குறைந்தது என்பது அதன் முடிவு. வழிமுறைப் பகுதியின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: "ஒரே முகவரியைச் சேர்ந்த இரு பங்கேற்பாளர்களின் தரவுகள் விலக்கப்பட்டன." அந்த இருவரில் மூத்தவரின் கதை இது. அவர் கட்டுரையைப் படித்ததில்லை. படித்துக் காட்டியபோது, "ஒரே முகவரின்னு எவன் எழுதினான்? நடுவுல தகரம் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அவர் லேத் பட்டறைக்காரர். சுழலும் இரும்புத் தண்டின்மேல் கூரான வெட்டுளியை நகர்த்தி, கேட்ட அளவுக்குச் சீவித் தருவது தொழில். பம்புகளுக்கான ஷாஃப்ட் என்னும் சுழல்தண்டு, அந்தத் தண்டைத் தாங்கித் தேய்ந்துபோன புஷ் வளையம், உடைந்த பற்சக்கரத்துக்கு மாற்று என்று எது வந்தாலும் செய்வார். வாடிக்கையாளர்கள் முதல் மின்கட்டணம் குறிக்க வருபவர் வரை எல்லோரும் அவரை மைக்ரான் என்றே அழைத்தார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் கிடைக்கும் துண்டு அது. அந்தத் துண்டுக்காக அவர் சண்டை போடாத ஆள் அந்தத் தெருவில் இல்லை. நான்கு காலும் ஒரே உயரம் இல்லை என்று தச்சரின் மேசையைத் திருப்பி அனுப்பினார். ஒரே பொட்டலத்தில் பிஸ்கட்டுகள் வெவ்வேறு தடிமனில் இருப்பதாகக் கடைக்காரரிடம் வாதாடினார்.

"திங்கிற பொருளை யாராவது அளப்பாங்களா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"அளக்க மாட்டாங்கங்கிற தைரியத்துலதான நீங்க விக்கிறீங்க" என்றார் மைக்ரான்.

தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய தம்பி. அவருக்கும் அதே தொழில். தந்தை இறந்தபின் பட்டறையைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். இயந்திரங்கள் இரண்டு இருந்தன, ஆளுக்கொன்று. உளிகளும் சாணைக் கற்களும் எண்ணெய்க் கேன்களும் ஜோடி ஜோடியாகப் பிரிந்தன. தந்தையின் மைக்ரோமீட்டர் மட்டும் ஒன்றுதான் இருந்தது. திருகைச் சுழற்றினால், இரு முனைகளுக்கும் நடுவே வைத்த பொருளின் தடிமனைத் துல்லியமாகச் சொல்லும் அந்தக் கைக்கருவியை மூத்தவர் தம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தந்தை அதைத் தம் கையில் கொடுத்தார் என்பது மூத்தவரின் கூற்று. தந்தைக்கு அப்போது நினைவே இல்லை என்பது இளையவரின் கூற்று. அன்றோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு சொல்ல வேண்டியவை எல்லாம், யாருக்கும் சொல்லாதவை போல, தகரத்தின் வழியே போய்வந்தன.

"சில பேரு கண்ணால பாத்தே அளவு சொல்றானுங்க. கண்ணுலதான் மார்க் போட்டிருக்கு போல."

"சில பேரு திருடின சாமானை வெச்சு அளக்குறானுங்க. அதுல வர்ற அளவும் திருட்டளவுதான்."

அவர்களை மணந்தவர்கள் உடன்பிறந்த அக்காளும் தங்கையும்; மூத்தவருக்கு அக்காள், இளையவருக்குத் தங்கை. கணவர்களின் சண்டை அவர்களுக்கு இடையில் நுழையவில்லை. பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டையும் தகரம் வைத்துப் பிரித்தபோது, சமையலறையைப் பிரிக்க மட்டும் இருவரும் ஒப்பவில்லை. "உங்களுக்கு ஆகலைன்னா நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு நேரத்துல வந்து சாப்பிட்டுப் போங்க. அடுப்பு ஒண்ணுதான்" என்று அக்காள் சொல்லிவிட்டார். அப்படியே நடந்தது. ஒருவர் கை கழுவி வெளியேறிய பிறகே மற்றவர் உள்ளே வருவார்.

நடுக்கம் தந்தைவழிச் சொத்து. அது மட்டும் சண்டையில்லாமல் பிரிந்தது. சும்மா இருக்கும்போது கை அமைதியாக இருக்கும். எதையாவது பிடிக்கப் போனால், எழுதப் போனால், கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனால் ஆடத் தொடங்கும். உளியின் கைப்பிடியை மயிரிழை அளவுக்கு நகர்த்த வேண்டிய தொழிலுக்கு இதைவிடப் பொருந்தாத நோய் இல்லை. மருத்துவர்கள் வழக்கமாகக் கொடுக்கும் பழைய மாத்திரை ஆஸ்துமா என்னும் இளைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. மூத்தவருக்குச் சிறு வயதிலிருந்தே இளைப்பு. இளையவர் அதைச் சாப்பிட்டுப் பார்த்தார். தலைசுற்றல்தான் மிச்சம்.

அந்தச் சமயத்தில் பம்புத் தொழிற்சாலை ஒன்று ஷாஃப்ட் செய்து தர வெளியில் பட்டறை தேடியது. ஒரு முறை கிடைத்தால் ஆண்டுக்கணக்கில் தொடரும் வேலை. தொழிற்சாலையின் கொள்முதல் மேலாளர் முதலில் மூத்தவரின் பட்டறைக்கு வந்தார். பிறகு தகரத்தைச் சுற்றிக்கொண்டு தம்பியின் பட்டறைக்குப் போய் அதே சொற்களைச் சொன்னார்.

"மூணு மாசம் கழிச்சு ஆளுக்குப் பத்து ஷாஃப்ட் சாம்பிள் குடுங்க. எது அளவுல நிக்குதோ அந்தப் பட்டறைக்கு ஆர்டர். அண்ணன் தம்பின்னு பாதிப் பாதியாத் தர முடியாது, இப்பவே சொல்லிட்டேன்."

கை இப்படியே ஆடினால் அந்த வேலை கிடைக்காது என்பதும், கிடைக்காவிட்டால் இயந்திரத்தை விற்க வேண்டியிருக்கும் என்பதும் மூத்தவருக்குத் தெரியும். அதைக்கூடத் தாங்கிக்கொள்வார், தகரத்துக்கு அந்தப் பக்கம் அந்த வேலை நடப்பதைக் கேட்டுக்கொண்டு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதை அவரால் நினைத்தும் பார்க்க முடியவில்லை.

மருத்துவமனையில் புதிய மருந்தின் சோதனைக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்ற செய்தியைக் கொண்டுவந்தவர் தங்கை. இரண்டு பேரின் பெயரையும் அவரே கொடுத்துவிட்டார். மூத்தவருக்கு இது தெரிந்தது, மருத்துவமனைத் தாழ்வாரத்து பெஞ்சில் தம்பி ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான்.

"இங்கயும் போட்டிக்கு வந்துட்டான் பாரு" என்றார் மனைவியிடம், பெஞ்சுக்குக் கேட்கும்படி.

"நடுக்கத்தையாவது பாக்கெட்டுல போட்டுக்காம விட்டாரே, பெரிய மனசு" என்றார் இளையவர், எதிர்ச் சுவரைப் பார்த்து.

சோதனையின் விதி எளியது. பங்கேற்பவர்களில் பாதிப் பேருக்கு மருந்துள்ள மாத்திரை. மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். நோயாளிக்கும் தெரியாது, கையைப் பரிசோதிக்கும் நரம்பியல் மருத்துவருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் நோயாளியின் நம்பிக்கையே கையைச் சற்று நிறுத்திக் காட்டும். மருத்துவரின் கண்ணும் தான் காண விரும்புவதையே காணும். எனவே அந்த விவரம் வேதியியல் கூடத்தில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. சோதனை ஆறு மாதம். முழுமையாக முடிப்பவர்களுக்கு, எந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களாக இருந்தாலும், அதன்பின் உண்மை மருந்து ஓராண்டுக்கு இலவசம். பழைய மருந்தை எடுத்துக்கொள்ளவே முடியாத மூத்தவருக்கு இந்தக் கடைசி விதி எல்லாவற்றையும்விடப் பெரியது. ஆனால் தொழிற்சாலையின் கெடு மூன்று மாதம்.

"எனக்கு எது டாக்டர்?" என்று கேட்டார்.

"எனக்கே தெரியாதுங்க."

"என்ன குடுக்குறோம்னு தெரியாம குடுக்குறதுக்கு எதுக்கு டாக்டரு? தபால்ல அனுப்பிரலாமே."

மருத்துவர் சிரிக்கவில்லை. ஒரு தாளை நகர்த்தினார். அதில் நத்தை ஓடுபோல ஒரு சுருள் அச்சிட்டிருந்தது. அதன் இரண்டு கோடுகளுக்கும் நடுவே, கோட்டைத் தொடாமல் பேனாவால் வரைந்து வர வேண்டும். மூத்தவர் வரைந்தது மின்னல் வெட்டியதுபோல் இருந்தது. அடுத்து ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள், மேசை நனைந்தது. செவிலி துணியை எடுத்துத் துடைத்தபடி, "உங்க தம்பியும் இதே அளவுதான் சிந்தினாரு" என்றார், ஆறுதலாக.

"அளந்தீங்களா?" என்றார் மூத்தவர்.

இருவருக்கும் மாதத்துக்கு ஒரு டப்பா கொடுக்கப்பட்டது. வெள்ளை நிறத்தில் வட்ட மாத்திரைகள். டப்பாவின்மேல் பெயர் இல்லை, எண் மட்டும். மாதந்தோறும் வந்து, மிச்சம் இருப்பதைக் காட்டி, ரத்தம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அக்காளும் தங்கையும் இரண்டு டப்பாக்களையும் சமையலறை அலமாரியில் அருகருகே வைத்தார்கள். மறக்காமல் எடுத்துக் கொடுப்பதற்கு அது வசதி. ஒரே வீட்டின் ஒரே அலமாரியில் இரண்டு டப்பாக்களும் இருக்கும் என்று மருத்துவமனையில் ஒருவரும் நினைத்திருக்கவில்லை. பெஞ்சின் இரண்டு கோடியிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காரும் இருவர் ஒரே அடுப்பில் சாப்பிடுவார்கள் என்று யாருக்குத்தான் தோன்றும்?

முதல் மாதம் முடியும்போது, மூத்தவர் தேநீர் குடிப்பதை மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க, இன்னிக்கு டீ தட்டுல சிந்தல."

"நீ கம்மியா ஊத்தியிருப்ப."

"கழுத்து வரைக்கும் ஊத்தினேன். மருந்து வேலை செய்யுதுங்க."

"ஒண்ணும் செய்யல. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் குடிக்கிறேன்."

அதற்கு அடுத்த வாரம், இரண்டாவது மாதத்து டப்பாக்கள் வந்திருந்த சமயத்தில், அவர் அலமாரியைத் திறந்து இரண்டிலிருந்தும் ஒவ்வொரு மாத்திரையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். காரணம் கேட்டால் அவருக்கு விளங்காது. கையில் கிடைத்த எதையும் அளப்பவருக்கு அளக்காமல் விடுவதுதான் காரணம் தேவைப்படும் காரியம். கை ஆடியதால் மைக்ரோமீட்டரைப் பட்டறை மேசையின் பிடிகருவியில் இறுக்கி நிறுத்திக்கொண்டு அளந்தார். தம்பியின் மாத்திரை தடிமனாக இருந்தது. தற்செயல் என்று நினைத்து மீண்டும் போய் இன்னும் சிலவற்றை எடுத்துவந்தார். எல்லாம் அப்படியே. தம்முடைய மாத்திரைகள் எல்லாமே மெல்லியவை. தம்பியுடையவை எல்லாமே தடித்தவை. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்தான். ஆனால் வித்தியாசம்.

அவர் எடுத்த முடிவு இது: வெறும் மாவு மெல்லியதாக இருக்கும், மருந்தும் சேர்ந்தது தடிப்பாக இருக்கும். எனவே மருந்து தம்பிக்கு, மாவு தமக்கு. மைக்ரோமீட்டர் போனதற்கு ஈடாக மருத்துவமனையே தம்பிக்கு மருந்தைக் கொடுத்துவிட்டது போல அவருக்குப் பட்டது. சமையலறை காலியாக இருந்த நேரத்தில் ஒரு டப்பாவின் மாத்திரைகளை மற்றொன்றிலும், மற்றொன்றினுடையவற்றை இதிலும் கொட்டினார். எண்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அடுத்த மாதமும் அதையே செய்தார். ஒரு தடவையும் கை தவறவில்லை என்று இன்றும் சொல்வார்; தரையில் சிதறிய மாத்திரைகளைப் பொறுக்கும்போது முட்டி வலித்தது என்றும் அவரே சொல்வார்.

தேநீர் மறுபடி தட்டில் சிந்தத் தொடங்கியது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. நல்ல மருந்து உடம்பில் இறங்கும்போது முதலில் சற்று முறுக்கும் என்று விளக்கம் வைத்திருந்தார். தகரத்துக்கு அந்தப் பக்கத்துச் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. முன்பெல்லாம் தம்பியின் உளி இரும்பைத் தொடும்போது இரண்டு மூன்று தடவை தட்டித் தட்டித்தான் உள்ளே போகும். இப்போது ஒரே தொடலில் சீறிக்கொண்டு போயிற்று. மூத்தவர் அதைக் கேட்டார். "புது உளி வாங்கியிருக்கான்" என்றார்.

கெடு வந்தது. கொள்முதல் மேலாளர் இரண்டு பட்டறையின் ஷாஃப்ட்களையும் தொழிற்சாலைக்கு எடுத்துப்போய்ச் சோதித்துவிட்டுத் திரும்பினார். மூத்தவரின் பத்தில் பாதி கழிந்துவிட்டது.

"மைக்ரான்னு பேரு வெச்சுக்கிட்டு இப்படிப் பண்ணிட்டீங்களே. முனையில ஒரு அளவு, நடுவுல ஒரு அளவு" என்றார் மேலாளர்.

"உங்க ஆள் எதை வெச்சு அளந்தான்?"

"எதை வெச்சு அளந்தாலும் இது பாம்பு முழுங்கின எலி மாதிரிதான் இருக்கு. பக்கத்துப் பட்டறையோடது பத்தும் நிக்குது. ஆர்டர் அவருக்குத்தான்."

அதற்குச் சில நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து நான்கு பேரையும் வரச் சொன்னார்கள். மிச்சமிருக்கும் மாத்திரைகளையும் கொண்டுவரச் சொன்னார்கள். மருத்துவரின் அறையில், அதுவரை அவர்கள் பார்த்திராத ஒரு பெண் இருந்தார். சேர்மத்தை உருவாக்கிய குழுவைச் சேர்ந்த வேதியியலாளர். அவருக்கும் மருத்துவருக்கும் அதற்கு முன்பே வாக்குவாதம் நடந்திருந்தது என்பது இருவரும் நாற்காலிகளைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. டப்பாக்கள் இரண்டும் மேசைமேல் வைக்கப்பட்டன.

வேதியியலாளர் சுற்றி வளைக்கவில்லை. "மாசா மாசம் நீங்க குடுத்த ரத்தத்துல மருந்து எவ்வளவு இருக்குன்னு எங்க கூடத்துல பாக்குறோம். உங்க நம்பருக்கு மருந்து மாத்திரை" என்று மூத்தவரைப் பார்த்துச் சொன்னார். "முதல் மாசம் ரத்தத்துல மருந்து இருக்கு. அதுக்கப்புறம் துளிகூட இல்ல. உங்க தம்பி நம்பருக்கு வெத்து மாத்திரை. முதல் மாசம் ஒண்ணும் இல்ல. அப்புறம் மருந்து இருக்கு."

மூத்தவர் தம் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கா?" என்றார். "மருந்து எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

மருத்துவர் மேசையைத் தட்டினார். "டப்பா மாறியிருக்கு. யார் மாத்தினதுன்னு தெரியணும். தெரிஞ்சா, தெரியாமச் சாப்பிட்டவருக்கு மருந்தைத் தொடரலாம்னு மேல்குழு சொல்லியிருக்கு. தெரியலைன்னா ரெண்டு பேரையும் இன்னையோட நிறுத்திடுவோம். அதுக்கப்புறம் மருந்தும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

இளையவர் தம் கைகளைப் பார்த்தார். அவை மடியில் அசையாமல் இருந்தன. மருந்து நின்றால் அந்தக் கைகள் என்ன ஆகும், கைகள் ஆடினால் தொழிற்சாலை என்ன செய்யும் என்பதை அவரைவிட விரைவாகக் கணக்குப் போட்டவர் மூத்தவர். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மருந்து இருவருக்கும் இல்லை. ஷாஃப்ட் வேலை தகரத்தின் எந்தப் பக்கத்துக்கும் இல்லை. அவர் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததாகத் தங்கை சொல்கிறார். அவர் மறுக்கிறார்.

அக்காளின் குரல்தான் முதலில் வந்தது. "நான்தான் மாத்தி வெச்சிருப்பேன் டாக்டர். அலமாரி துடைக்கும்போது ரெண்டையும் கீழ எடுத்து வெச்சேன். திருப்பி வெக்கிறப்ப மாறியிருக்கும்."

"நீ நம்பர் பாத்துத்தான வெப்ப, அக்கா" என்றார் தங்கை.

"பாத்தேன்னுதான் நினைச்சேன்."

மூத்தவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா?" என்று மருத்துவர் வேதியியலாளரிடம் திரும்பினார். "நான் சொன்னேன்ல? வேணும்னு யாரும் செய்யல. வீட்டுப் பொம்பளைங்க கவனமில்லாம வெச்சிருக்காங்க. வேணும்னு மாத்தணும்னா எது எதுன்னு தெரிஞ்சிருக்கணும்ல? ரெண்டு மாத்திரையும் ஒண்ணுபோல இருக்கு. எந்த மெஷின்ல வெச்சாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது."

"எந்த மெஷின்ல?" என்றார் மூத்தவர்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"எந்த மெஷின்ல வெச்சுப் பாத்தீங்கன்னு கேக்குறேன். ஒண்ணுபோல இருக்காம்ல. இவனுது தடிமன். என்னுது மெல்லிசு. கண்ணு தெரியாதவன்கூடத் தடவிப் பாத்துச் சொல்லுவான்."

"அதெல்லாம் சும்மா…" என்று மருத்துவர் தொடங்கினார்.

மூத்தவர் சட்டைப் பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்தார். டப்பா ஒன்றைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்தார். அது விரலிலிருந்து நழுவி உருண்டது. இன்னொன்றை எடுத்தார். மைக்ரோமீட்டரின் வாயில் அதை வைக்கப் போனபோது இரண்டு கையும் ஆடத் தொடங்கின. மாத்திரை இரும்பு முனையில் டக்டக்கென்று மோதிக்கொண்டே இருந்தது, உள்ளே நிற்கவில்லை. அவர் மூச்சைப் பிடித்துப் பார்த்தார். முழங்கையை மேசையில் ஊன்றிப் பார்த்தார். பட்டறையில் இருக்கும் பிடிகருவி இங்கே இல்லை.

"குடு இங்க" என்றார் இளையவர்.

நாற்காலி இழுபட்டது. இளையவர் எழுந்துவந்து அண்ணனின் கையிலிருந்து கருவியை வாங்கினார். அண்ணனை நேராகப் பார்த்து அவர் பேசியது பிரிவினைக்குப் பின் அதுதான் முதல் தடவை. மாத்திரையை இரண்டு விரலால் எடுத்து வைத்து, திருகை மெதுவாகச் சுழற்றினார். கை அசையவில்லை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து எண்ணைப் படித்தார்.

"நாலு புள்ளி ஒண்ணு ரெண்டு."

அடுத்த டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தார்.

"நாலு புள்ளி ரெண்டு ஒண்ணு." பிறகு இன்னும் சிலவற்றை அளந்தார். எண்கள் மாறவில்லை. கடைசியில் மருத்துவரைப் பார்த்து, "திருடன் சொல்றது சரிதான். அளவு வேற" என்றார்.

வேதியியலாளர் கருவியை வாங்கித் தாமும் படித்துப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. "எடை ஒண்ணா இருக்கான்னுதான் பாத்தோம்" என்றார். "மருந்து நுணுக்கமான தூள். அழுத்தும்போது நல்லா இறுகிடும். வெத்து மாத்திரை முழுக்க மாவு. அது கொஞ்சம் உப்பி நிக்கும். அதான் தடிமன்." பிறகு மூத்தவரிடம் சொன்னார்: "உங்க அளவு சரி. நீங்க எடுத்த முடிவுதான் தப்பு. மெல்லிசா இருந்ததுலதான் மருந்து இருந்துச்சு."

"மாத்திரை செஞ்சது உங்க ஆளுங்கதான்" என்றார் மருத்துவர் அவரிடம்.

"ஒரே வீட்டுக்கு ரெண்டு டப்பா குடுத்தது உங்க ஆளுங்க" என்றார் வேதியியலாளர்.

அவர்கள் சண்டை தனியே ஓடத் தொடங்கியது. மூத்தவருக்கு அது காதில் விழவில்லை. தாம் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அவருடைய மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பழியத் தலையில போட்டுக்கிட்டப்ப ஜன்னலைப் பாத்தீங்க" என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "மாத்திரை ஒண்ணுபோலன்னு சொன்னதும் வாய் வந்துடுச்சு. எனக்கு ஒரு மைக்ரான் மரியாதை இல்ல உங்ககிட்ட."

"அதில்ல…"

"என்ன அதில்ல? அலமாரியில நீங்க கைய விட்டீங்களா, இல்லையா?"

"விட்டேன்."

மருத்துவர் அதை எழுதிக்கொண்டார். மூத்தவர் சோதனையிலிருந்து அன்றோடு நீக்கப்பட்டார். ஓராண்டு மருந்தும் போயிற்று. இளையவருக்கு மருந்து தொடர்ந்தது. வேதியியல் கூடம் அடுத்த தொகுதியிலிருந்து இரண்டு வகை மாத்திரைகளையும் ஒரே தடிமனில் அழுத்தியது. கட்டுரையில் அதற்கும் ஒரு வரி உண்டு. யார் கண்டுபிடித்தார் என்பது அதில் இல்லை.

அறையை விட்டு வெளியே வரும்போது மூத்தவர் கையை நீட்டினார். "மைக்ரோமீட்டரைக் குடு."

"எதை அளக்க?" என்றார் இளையவர். அதைத் தம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "என் கையில குடுத்தது நீதான். இத்தனை பேர் பாத்தாங்க. இந்தத் தடவை உனக்கு நினைவும் நல்லா இருந்துச்சு."

"மருந்தும் என்னுது, மைக்ரோமீட்டரும் என்னுது. வெக்கமா இல்லையா உனக்கு?"

"மருந்து நீ குடுத்தது. வேணும்னா நன்றி சொல்லட்டுமா?"

"வாயக் கழுவு."

"அதான் பாத்தேன்."

இதற்குப் பின் சமையலறையிலும் தகரம் வந்தது. அதை வைத்தவர் இளையவர். டப்பாவில் கை வைத்தவன் நாளை பாத்திரத்திலும் கை வைப்பான் என்று அவர் சொன்ன காரணத்துக்கு அக்காளாலும் தங்கையாலும் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது இருவரும் தெருவைச் சுற்றிப் போய்த்தான் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அக்காள் கணவரிடம் தேவைக்குப் பேசுகிறார். தேநீரைப் பாதிக் கோப்பைதான் ஊற்றுகிறார். சிந்தாமல் இருக்க அது ஒன்றே வழி. "கம்மியா ஊத்தியிருக்க" என்று மூத்தவர் இப்போது சொல்வதில்லை.

இயந்திரத்தை அவர் இன்னும் விற்கவில்லை. வாங்க வந்தவர்கள் சொன்ன குறைகளை அவர் ஒப்புக்கொள்ளாததால் பேரம் முறிந்துகொண்டே போகிறது. பகல் முழுவதும் அதன் அருகில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். தகரத்துக்கு அந்தப் பக்கம் பம்புத் தொழிற்சாலைக்கான ஷாஃப்ட்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகின்றன. எதை நினைத்தும் பார்க்க முடியாது என்று முன்பு இருந்தாரோ, அதைக் காலை முதல் மாலை வரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கதையைக் கேட்க அவரைச் சந்திக்கப் போன ஒரு நாளில் அந்தச் சத்தம் மாறியது. சீராகப் போய்க்கொண்டிருந்த உளி கரகரவென்று இழுத்தது. கேட்டுப் பழகாத காதுக்கு அது ஒன்றுமில்லை. மூத்தவர் தலையைத் தூக்கினார். முதலில் அவர் முகம் மலர்ந்தது. இப்படியே ஓடினால் ஷாஃப்ட் வரி விழுந்து கெடும், மொத்தமும் திரும்பி வரும் என்று விளக்கினார், சந்தோஷமாகவே. சத்தம் தொடர்ந்தது. அவர் ஸ்டூலில் நகர்ந்து உட்கார்ந்தார். காதைத் தேய்த்தார். எழுந்து இரண்டு அடி நடந்து, திரும்பிவந்து உட்கார்ந்தார். கடைசியில் ஒரு ஸ்பேனரை எடுத்துத் தகரத்தில் ஓங்கி அடித்தார்.

"டூல் மழுங்கிப்போச்சுடா. காது செவிடா?"

"உன் வேலையப் பாருய்யா" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"எனக்கு ஏதுடா வேலை?"

கொஞ்ச நேரம் இரும்பு அதே கரகரப்போடு சுழன்றது. பிறகு இயந்திரம் நின்றது. சாணைக் கல் சுற்றத் தொடங்கும் உறுமலும், உளி அதில் படும் கீச்சொலியும் கேட்டன. மூத்தவர் தலையைச் சாய்த்து அதைக் கடைசி வரை கேட்டார்.

"சாணை பிடிக்கவும் தெரியல" என்றார். "கோணம் தப்பு."